மொட்டைப்பாறை டப்பி

சாமரி என்று ஒரு மலையணில். மொட்டைப்பாறை உச்சிக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற காட்டுப்பலாவில் அவளுக்குக் கூடு. உடம்பைவிட வால்தான் நீளம். அந்த வாலைப் பற்றி அவளிடம் பேச்சுக் கொடுத்தால் பொழுது சாய்ந்துவிடும். ஆகையால் நாம் கொடுக்க வேண்டாம்.

மொட்டைப்பாறையின் உச்சியில் ஒரு பிளவு உண்டு. பிளவுக்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு தகர டப்பி. டப்பிக்குள் சுருட்டி வைத்த ஒரு நீளத் தாள். எந்தக் காலத்திலோ மலையேறி வந்த மனிதர் ஒருவர் வைத்துவிட்டுப் போனது. அவர் திரும்பி வரவே இல்லை. காட்டு விலங்குகள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டன. உச்சிக்கு ஏறி வருகிற யாரும் அந்தத் தாளில் ஒரு பொட்டு வைத்துவிட்டு இறங்கலாம். ‘நானும் இங்கே வந்தேன்’ என்று அர்த்தம். அவ்வளவுதான். பரிசும் கிடையாது, பாராட்டும் கிடையாது. ஆனாலும் அந்த ஒரு பொட்டுக்காக எத்தனையோ பேர் நாக்குத் தள்ளத் தள்ள ஏறி வந்தார்கள்.

டப்பியைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றிக்கு. பாறைக்கு அடியிலேயே அவருக்கு வளை. கடுக்காயையும் கரியையும் அரைத்து மை செய்து, ஒரு சிரட்டையில் ஊற்றி, பிளவுக்குப் பக்கத்தில் வைப்பார். அந்த மை காய்ந்தால் பிறகு நனைந்தாலும் கரையாது. தாளை மாற்ற வேண்டி வந்தால் உதவுமென்று, அதே மனிதர் விட்டுப்போன இன்னொரு தாளையும் வளைக்குள் பத்திரமாக வைத்திருந்தார்.

கையைத் துடைத்துக்கொள்ளாமல் டப்பியைத் தொடக் கூடாது. பொட்டு குன்றிமணி அளவுக்கு மேல் போகக் கூடாது. தாளை இறுக்கிச் சுருட்டித்தான் உள்ளே விட வேண்டும், இல்லாவிட்டால் மூடியில் மாட்டிக் கிழியும். மூடி ‘டக்’ என்று விழுந்த பிறகுதான் கையை எடுக்க வேண்டும். தாள் ஈரமானாலோ நிறைந்துபோனாலோ ஈட்டியப்பனிடம் சொல்ல வேண்டும். தானாக எதையும் செய்யக் கூடாது. இதெல்லாம் யாரும் எழுதி ஒட்டி வைத்த சட்டமில்லை. முன்னால் வந்தவரைப் பார்த்துப் பின்னால் வந்தவர் கற்றுக்கொண்டது.

கோடை முடிகிற நேரத்தில் சாமரியும் போய்த் தன் அடையாளத்தை வைத்துவிட்டு வந்தாள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. பிடித்தால் சாதாரணப் பிடியா? மலையே நனைந்த கோழி மாதிரி ஒடுங்கிக் கிடந்தது.

ஒரு நாள் மழை கொஞ்சம் வெறித்தது. சாமரி காலாற உச்சிக்குப் போனவள், சும்மா இருக்க முடியாமல் டப்பியை எடுத்துப் பார்த்தாள். மூடி அரைகுறையாக நின்றது. உள்ளே தண்ணீர் இறங்கித் தாள் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. ‘எவர் கையோ, மூடக்கூடத் தெரியவில்லை’ என்று அவள் முணுமுணுத்துக்கொண்டாள்.

ஈட்டியப்பனிடம் சொல்லியிருக்கலாம். வளை கூப்பிடுகிற தூரம்தான். ஆனால் அவர் பகலெல்லாம் தூங்குகிறவர், எழுப்பினால் சிடுசிடுப்பார். அதுவுமில்லாமல், ஒரு நல்ல காரியத்தைத் தானே செய்து முடித்துவிட்டுப் பேர் வாங்கினால் கசக்குமா? தாள்தான் நிறைந்துவிட்டதே, நனைந்தும்விட்டதே, இனி இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று அவள் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

சரிவில் காட்டுவாழை நின்றது. அதன் குருத்திலையில் ஒரு நறுக்குக் கிழித்துச் சுருட்டி டப்பிக்குள் விட்டு ‘டக்’கென்று மூடினாள். பச்சைப் பசேலென்று, பார்க்க அவ்வளவு அழகு. பழைய சுருளைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை. அவள் கூட்டில் ஒரு பக்கம் ஓட்டை விழுந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சுருளைக் கொண்டுபோய் அந்த ஓட்டையில் வைத்து அடைத்தாள். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. அன்றைக்கு அவள் தூங்கிய தூக்கம் இருக்கிறதே, அப்படி ஒரு தூக்கம்.

மழைக்காலம் முடிந்து வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியது. பாறை காய்ந்தது. ஒரு காலை நேரம், கிழக்குச் சரிவில் யாரோ மூச்சிரைக்க ஏறி வருகிற சத்தம் கேட்டுச் சாமரி கிளையில் எட்டிப் பார்த்தாள்.

வந்தது ஒரு நீர்நாய்.

சாமரிக்குக் கண்ணையே நம்ப முடியவில்லை. நீர்நாய்க்கு மலையில் என்ன வேலை? ஆற்றை விட்டு நாலு எட்டு நடந்தாலே தவிக்கிற பிறவி. விரல்களுக்கு நடுவே இருக்கிற சவ்வு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. நிழல் கண்ட இடத்திலெல்லாம் நின்று, சுனை கண்ட இடத்திலெல்லாம் புரண்டு, எப்படியோ உச்சிக்கு வந்து சேர்ந்தவள், பிளவுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சாமரி இறங்கிப் போய் யார், எந்த ஊர் என்று விசாரித்தாள். அவள் பேர் துறையம்மா. கிழக்கே ஓடுகிற ஆற்றில் குடியிருப்பு. போன கோடையில் ஆறு வற்றிப்போனபோது அவள் மகள் அயிரை, மலையைத் தாண்டி மேற்கு ஆற்றுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வதாகச் சொல்லிப் புறப்பட்டுவிட்டாள். துறையம்மாவுக்கு அப்போது காலில் காயம், கூடப் போக முடியவில்லை. போகிறபோது மகள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். உச்சியில் இருக்கிற டப்பியில் பொட்டு வைத்துவிட்டுத்தான் மறுபக்கம் இறங்குவேன், அதைப் பார்த்தால் நான் தாண்டிவிட்டேன் என்று தெரிந்துகொள் என்று. மழை வந்து ஆறு நிறைந்தும் மகள் திரும்பவில்லை. தாய் கிளம்பி வந்துவிட்டாள்.

“பொட்டு இருந்தால் மேற்கே இறங்கி அவளைத் தேடிப் போவேன்” என்றாள் துறையம்மா. “இல்லையென்றால் அவள் உச்சிக்கு வந்து சேரவில்லை. ஏறுகிற வழியில்தான் எங்கேயோ விழுந்திருக்கிறாள். வந்த வழியே இறங்கி, கிழக்குச் சரிவில் கிடக்கிற எலும்பையாவது தேடுவேன். ஒரு பக்கம் இறங்கத்தான் என் காலில் தெம்பு இருக்கிறது, தங்கச்சி. இரண்டு பக்கமும் என்னால் முடியாது.”

சாமரி தன் கூட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறக்கலாமென்று பார்த்தாள். அதற்குள் துறையம்மா டப்பிப் பக்கம் திரும்பிவிட்டாள்.

துறையம்மா ஈரக் கையைப் புல்லில் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். பிறகு டப்பியை எடுத்துத் திறந்தாள். உள்ளேயிருந்து கறுப்பாக, அழுகலாக, பொடிப்பொடியாக என்னவோ கொட்டியது. வாழை இலை அந்தக் கதிக்கு வந்திருந்தது. இடைப்பட்ட நாட்களில் ஏறி வந்து அந்த இலையில் பொட்டு வைத்துப் போன கீரியும் கேளையாடும் வந்ததற்கு இனி ஒரு தடயமும் இல்லை.

துறையம்மா அந்தப் பொடியைக் கையில் அள்ளிப் பார்த்தாள். காற்று அதையும் கொண்டுபோனது. அவள் அழக்கூட இல்லை. டப்பியை மூடினாள், இருந்த இடத்திலேயே வைத்தாள், கிழக்குச் சரிவைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். எலும்பைத் தேடப் புறப்பட்டுவிட்டாள்.

சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சாமரிக்கு அந்த எண்ணமும் வராமல் இல்லை. ஆனால் அந்த வெடித்த பாதங்கள் தப்பான பக்கம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. ஓடிப் போய் வழியை மறித்தாள்.

“அக்கா, போகாதீர்கள். பழைய தாள் என் கூட்டில் இருக்கிறது. நான்தான் எடுத்தேன்.”

துறையம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடச் சாமரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. “கொண்டு வா” என்று மட்டும் சொன்னாள்.

சாமரி பலா மரத்துக்குப் பறந்தாள். ஓட்டையிலிருந்து சுருளை உருவினாள். நல்லவேளை, அது சுருளாகவே இருந்தது. வெளிச்சுற்று பாசி பிடித்து வழவழத்தது, உள்ளே இன்னும் ஈரம். அதை வாயில் கவ்விக்கொண்டு பாறைக்கு வந்தவள், வந்த வேகத்தில் பிரித்து வெயிலில் போடப் போனாள். ஓரம் மெல்லக் கிழிகிற சத்தம் கேட்டது.

“கையை எடு!” என்று ஒரு குரல் அதட்டியது.

சத்தம் கேட்டு எழுந்து வந்த ஈட்டியப்பன், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். நடந்ததை அழுகையும் பேச்சுமாகச் சாமரி கொட்டித் தீர்த்தாள். அவர் உடம்பு முள்ளெல்லாம் ஒரு தடவை சிலிர்த்து நின்று மெதுவாகப் படிந்தது. கோபம்தான், ஆனால் அதைக் காட்ட இது நேரமில்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. ஈரத் தாளை இழுத்தால் கூழாகிவிடும், வெயிலில் போட்டால் அப்பளமாக நொறுங்கிவிடும் என்றார். நிழலில், காற்றாடுகிற இடத்தில், சுருளாகவே வைத்து உள்ளே காற்றை விட வேண்டும். ஒரு சுற்றுக் காய்ந்த பிறகுதான் அடுத்த சுற்றை விலக்க வேண்டும். தன் முதுகிலிருந்து ஒரு முள்ளை உருவி, அதன் மொண்ணை முனையைக் காட்டிச் சாமரியிடம் கொடுத்தார். அவருடைய கை தடித்த கை, அந்த வேலைக்கு ஆகாது.

சாமரியால் ஒரு இடத்தில் ஒரு நிமிஷம் உட்கார முடியாது. காடே அறிந்த சங்கதி. அன்றைக்கு உட்கார்ந்தாள். பாறை நிழலில் சுருளை மடியில் வைத்துக்கொண்டு, முள்ளின் முனையால் ஒவ்வொரு சுற்றையும் மயிரிழை அளவுக்கு விலக்கி, ஊதி, காத்திருந்து, மறுபடி விலக்கி, ஊதி, காத்திருந்தாள். பக்கத்தில் துறையம்மா படுத்துக் கிடந்தாள். அவள் உடம்பு காயக் காய மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஈட்டியப்பன் சுனைக்கும் பாறைக்குமாக நடந்து, நனைத்த பாசியைக் கொண்டுவந்து அவள் மேல் போர்த்திக்கொண்டே இருந்தார். கீழே சுனைக்குப் போய்விட்டு வாருங்கள் என்று சாமரி கெஞ்சினாள். துறையம்மா அசையவில்லை. மகள் வந்தாளா இல்லையா என்பது தெரியாமல் அவள் எங்கே போவாள்?

சேதி எப்படியோ பரவிவிட்டது. மந்திகள் வந்தன, கேளையாடு வந்தது, கீரி வந்தது, இருவாச்சி வந்து மேலே கிளையில் உட்கார்ந்தது. ஒருவரும் கிட்டே வரவில்லை. தூரத்தில் நின்று பார்த்தார்கள்.

வெயில் சாய்கிற வேளையில் கடைசிச் சுற்றும் விலகியது. சாமரி தாளை மெதுவாகப் பாறை மேல் விரித்தாள். ஈட்டியப்பன் ஓரங்களில் கூழாங்கல் வைத்தார். தாள் நீண்டது, இன்னும் நீண்டது, பாறையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை போனது. அதை முழுசாக விரித்து அந்த மலையில் யாருமே பார்த்ததில்லை. பொட்டு வைக்க வருகிறவர் கடைசியில் இரண்டு விரற்கடை விரித்துவிட்டுச் சுருட்டிவிடுவார்.

அடேயப்பா, என்ன சொல்ல! ஆயிரம் ஆயிரமாகப் பொட்டுகள். மயிலின் நகம், முயலின் பாதம், உடும்பின் விரல். எறும்புகள் ஒரு புற்றே திரண்டு வந்து, எல்லோருமாகச் சேர்ந்து ஒரே ஒரு கடுகளவுப் புள்ளி வைத்துவிட்டுப் போயிருந்தன. ஒரு பட்டாம்பூச்சி மை தொடவில்லை, சிறகின் பொடியை மட்டும் ஒற்றியிருந்தது. இப்போது இந்த மலையில் ஒன்றுகூட இல்லாத செந்நாய்களின் பொட்டுகள் வரிசையாக இருந்தன. புலியின் பொட்டுக்கு ஒட்டினாற்போல மானின் பொட்டு. காட்டில் எங்கேயும் அத்தனை நெருக்கத்தில் அந்த இரண்டையும் ஒருசேரப் பார்க்க முடியாது.

“யானை வந்ததா?” என்று சாமரி மெதுவாகக் கேட்டாள். யானையின் பாதம் பட்டால் தாள் தாங்குமா என்று அவளுக்குச் சந்தேகம்.

ஈட்டியப்பன் ஒரு இடத்தைக் காட்டினார். கூர்ந்து பார்த்தால்தான் தெரிகிற ஒரு மெல்லிய கோடு. யானை தன் வால் மயிர் ஒன்றின் நுனியை மையில் தோய்த்து வைத்த கோடு அது. அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, எல்லோரையும்விடச் சின்ன இடத்தைத்தான் யானை எடுத்திருந்தது.

 தன் கூட்டு ஓட்டையை அடைத்தது எதைக்கொண்டு என்று இப்போதுதான் சாமரிக்குப் புரிந்தது. செத்துப்போனவர்களும் இருக்கிறவர்களும், தின்றவர்களும் தின்னப்பட்டவர்களும், இந்த மலையில் மூச்சு விட்ட அத்தனை பேரும் அங்கே தோளோடு தோளாக நின்றார்கள். அவளுக்குக் கண்ணீர் வந்தது. தாளில் விழுந்துவிடப் போகிறதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

துறையம்மா தாளின் ஓரமாகவே ஊர்ந்து வந்தாள். ஒவ்வொரு பொட்டாகப் பார்த்தாள். பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. அவள் முகம் செத்துக்கொண்டே வந்தது. 

தாள் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் துறையம்மா நின்றாள்.

சின்னதாக ஒரு விரல் தடம். நகத்துக்குக் கீழே சவ்வின் ஓரம் தெளிவாக விழுந்திருந்தது. ஈரமில்லாமல் நன்றாகத் துடைத்துவிட்டு வைத்த விரல்.

“அயிரை” என்றாள் துறையம்மா. “இது என் அயிரை. தாண்டிவிட்டாள்.”

மலையே பெருமூச்சு விட்டது. மந்திகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. 

அப்போதுதான் எல்லோரும் இன்னொன்றைக் கவனித்தார்கள். அயிரையின் தடத்துக்குப் பக்கத்தில் மெலிதாக ஒரு வட்டம் போட்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அது போலப் பின்னால் வரப்போகிற அம்மாவுக்கு மகள் பிடித்து வைத்த இடம். அயிரைக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். தாளில் இடமே இல்லை. ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு, ஓரத்தில் ஒண்டிக்கொண்டு பொட்டு வைத்திருக்கிறார்கள். யாருக்காக விட்ட இடம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. இருந்தும் அந்த வட்டத்துக்குள் ஒருவர்கூடக் கை வைக்கவில்லை.

ஒரே ஒருவரைத் தவிர.

வட்டத்தின் பாதியை மறைத்துக்கொண்டு, அகலமாக, பூப்போல விரிந்த ஒரு மைப்பட்டை கிடந்தது. வாலை மையில் தோய்த்து இழுத்த பட்டை. அந்தத் தாளின் கடைசி அடையாளம் அதுதான். சாமரிக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. தன்னைப் போன்ற ஒருத்திக்குக் குன்றிமணிப் பொட்டு எம்மாத்திரம் என்று நினைத்ததும், இந்த இடம் சும்மாதானே கிடக்கிறது என்று வாலை இழுத்ததும், வானம் இருட்டிக்கொண்டு வர அவசரமாக மூடிவிட்டு ஓடியதும். கடைசியாக மூடிய கை அவளுடைய கைதான். எவர் கையோ என்று திட்டினாளே, அது அவளைத்தான். ஈட்டியப்பன் அவளைப் பார்த்தார்.  பிறகு மைச் சிரட்டையைத் துறையம்மா பக்கம் நகர்த்தி வைத்தார்.

துறையம்மா பொட்டு வைக்க எழுந்தாள். பாசியில் கிடந்த கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. புல்லில் துடைத்தாள், காயவில்லை. சாமரி தன் வாலை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

“இதில் துடைத்துக்கொள்ளுங்கள், அக்கா.”

துறையம்மா ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். சிரட்டையில் விரல் நுனியைத் தோய்த்து, வட்டத்துக்குள் வைத்து அழுத்தி எடுத்தாள். தடத்தில் பாதி வெள்ளைத் தாளில் விழுந்தது. மீதிப் பாதி சாமரியின் பட்டை மேல் விழுந்து, கறுப்போடு கறுப்பாக மறைந்துபோனது.

சாமரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை இனி அழிக்கவும் முடியாது. நனைந்தாலும் கரையாத மை.

“பாதி தெரிகிறதே, போதும்” என்றாள் துறையம்மா. “என் விரல் அவளுக்குத் தெரியும்.”

அவள் தாளைச் சுருட்டவில்லை, மை காயட்டும் என்று விட்டுவிட்டாள். எல்லோரும் விலகி வழி விட்டார்கள். துறையம்மா மேற்குச் சரிவில் மெதுவாக இறங்கிப் போனாள். கீழே எங்கேயோ ஆற்றின் சத்தம் கேட்டது.

பலருக்கும் பொதுவான ஒன்றைத் தொடும்போது, நமக்கு முன்னால் தொட்டவரையும் இனிமேல் வந்து தொடப்போகிறவரையும் மனத்தில் வைத்துத்தான் தொட வேண்டும், ஏனென்றால் நமக்கு வெறும் இடமாகத் தெரிவது யாரோ ஒருவருக்காகக் காத்திருக்கிற இடமாக இருக்கலாம்.